பருவம் குறித்துக் கடல் கடந்தோர்: கோலசிலாங்கூர்த் தோட்டத் தமிழரும் கப்பற்சீட்டும்

பொருள்வயிற் பிரியும் தலைவன், தான் மீண்டு வரும் பருவத்தைத் தலைவிக்குக் குறித்துச் செல்வது அகத்திணை மரபு. கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்பது அவன் உரைக்கும் உறுதி. அவ்வுறுதியைப் பற்றிக்கொண்டு ஆற்றியிருத்தல் அவள் கடன். முல்லைப் பாட்டுகள் பலவற்றுக்குக் கருவாய் அமைந்தது இந்தப் பருவக் குறிப்பே. பிரிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பவன் பிரிந்து செல்வோனே. இவ்விரண்டும் அம்மரபின் அடிப்படைகளாகும்.

சென்ற நூற்றாண்டில் கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழரும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. மூன்றாண்டில் மீள்வோம், அடகு வைத்த நிலத்தை மீட்கும் அளவுக்குக் கைப்பொருள் சேர்ந்ததும் மீள்வோம் என்று சொல்லியே அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். ஆயினும் மீளும் பருவத்தைக் குறிக்கும் உரிமை அவர்கள் கையில் இருக்கவில்லை. கப்பற்சீட்டை வாங்கித் தந்தவர் கையில் அது இருந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வடசிலாங்கூரின் பிற பகுதிகளிலும் பரந்து கிடந்த தோட்டங்களின் வரலாற்றை இந்தக் கப்பற்சீட்டை முன்வைத்து நோக்கினால், பருவத் தொழிலாளராக எண்ணப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் மண்ணின் குடிகளாக மாறிய வரலாறு விளங்கும்.

நாகையும் கடாரமும்

நாகப்பட்டினத்துக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் உள்ள உறவு பழமையானது. கடாரத்து அரசன் நாகையில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைச் செப்பேடு கூறுகிறது. அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை கடாரம் கொண்டது ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில். அக்காலத்தில் நாகையிலிருந்து புறப்பட்ட கலங்கள் வணிகரையும் வீரரையும் சுமந்து சென்றன.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கடற்கரையிலிருந்து புறப்பட்ட நீராவிக் கப்பல்கள் உழவுத் தொழிலாளரைச் சுமந்து சென்றன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து அவர்கள் வந்தனர். பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர். அவருள்ளும் மிகப் பலர் சாதிக் கொடுமையால் ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்டவர். மழை பொய்த்த ஆண்டும் கடன் முற்றிய ஆண்டும் அவர்களைக் கடற்கரைக்குத் துரத்தின.

தொடக்கத்தில் நடந்தது ஒப்பந்தக் கூலிமுறை. கப்பற்கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் தீரும்வரையும் ஒப்பந்த ஆண்டுகள் கழியும்வரையும் அவன் தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனைக்குரியதாயிற்று. சுருங்கச் சொன்னால், கப்பற்சீட்டே அவன் காலில் பூட்டிய விலங்காக அமைந்தது. இந்த முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே காப்பித் தோட்டக் காலத்தில் வேரூன்றிய கங்காணி முறை, இரப்பர்க் காலத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு அனுப்பப்பட்ட கங்காணி, உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தான். அழைத்து வந்தவர்கள் நாள்தோறும் வேலைக்குப் போகும் கணக்கின்படி அவனுக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. எனவே, அவர்கள் தோட்டத்தை விட்டு அகலாதிருத்தல் அவனுக்கு வருவாயாயிற்று.

ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு

1907ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் நினைவிற் கொள்ளத்தக்கது. கோலசிலாங்கூரில் மெலாவத்திக் குன்றின்மேல் இன்றும் நிற்கும் கலங்கரை விளக்கம் அவ்வாண்டில் எழுப்பப்பட்டது. 1784இல் அக்குன்றைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தங்கள் ஆளுநரின் பெயரால் அதற்கு அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டிருந்தனர். விளக்கமும் அப்பெயரையே பெற்றது. பினாங்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் கப்பல்களுக்கு வழிகாட்டியது அதன் ஒளி. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற சுவெட்டன்காம் துறையை அணுகும் முன்னர், சிலாங்கூர்க் கரையின் அடையாளமாகக் கடலோடிகள் கண்டது அதனையே.

அதே 1907இல்தான் தமிழர் குடியேற்ற நிதியும் சட்டத்தால் நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளரின் வேலைநாட் கணக்குப்படி ஒரு வரி செலுத்த வேண்டும். அவ்வரியிலிருந்து கப்பற்கட்டணமும், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கும் செலவும், இக்கரையில் நோய்த்தடுப்பு முகாமின் செலவும் வழங்கப்பட்டன. தனியொரு முதலாளி ஆட்களை வரவழைக்க, அண்டைத் தோட்டத்தார் கூடுதற்கூலி காட்டி அவர்களை இழுத்துக்கொள்ளும் பூசலுக்கு இது முடிவு கட்டியது. எல்லாரும் செலவைப் பகிர்ந்தனர். எல்லார்க்கும் ஆள் கிடைத்தது.

தொழிலாளிக்கு இது நன்மையா என்று வினவினால், ஒருவகையில் நன்மையே எனலாம். அவன் கடனின்றிக் கரையிறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்போடு வேலையை விட்டு விலகும் உரிமையும் பின்னர்ச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் மற்றொரு பக்கமும் இதற்கு உண்டு. சீட்டை வாங்கித் தருவது ஒரு பொது நிதி. அந்நிதியை ஆள்வது முதலாளியரும் அரசினரும் அமர்ந்த குழு. எத்தனை பேரை வரவழைப்பது, எப்போது நிறுத்துவது, எப்போது திருப்பி அனுப்புவது என்பனவெல்லாம் அக்குழுவின் முடிவுகளாயின. தனியொருவன் காலில் இருந்த விலங்கு கழன்றது. ஓர் இனம் முழுவதன் போக்குவரவும் ஒரு கணக்கேட்டுக்குள் வந்தது.

ராஜூலாக் கப்பல்

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறை, சிங்கப்பூர் என்பது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் வழித்தடம். அத்தடத்திற் சென்ற கப்பல்களுள் மலாயாத் தமிழரின் நாவில் நிலைத்த பெயர் ராஜூலா. கிளாஸ்கோ நகரிற் கட்டப்பட்டு 1926இல் அது ஓடத் தொடங்கியது. எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அக்கப்பலில், தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மிகுதியான மேல்தளப் பயணிகளை ஏற்ற ஒப்புதல் இருந்தது. அவ்வளவு பேருக்கும் படுக்கை ஏது? விரித்த பாயே இடம். தலைமாட்டு மூட்டையே எல்லை.

நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாது. திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகுகளில் ஆட்களை ஏற்றிச் சென்றனர். ஐப்பசி, கார்த்திகைத் திங்களின் வாடைக்காற்றில் அலை உயரும்போது, படகிலிருந்து கப்பலின் ஏணிக்குத் தாவுவதே முதற்பெருஞ் சோதனையாகும். உழவன் அதுவரை கண்ட நீர்நிலை ஊர் ஏரியும் ஆறுமே. ஏறத்தாழ ஒரு வாரம் கரை தெரியாத பயணம், பெரும்பாலோர்க்கு வாழ்வில் ஒருமுறையே நேர்ந்தது.

அக்கப்பலுக்குள் தொழிலாளர் வேறொரு கூட்டமும் இருந்தது. சாரங்கின் மேற்பார்வையில் கயிறும் நங்கூரமும் கையாண்டவர், தண்டல், உலைக்களத்தில் கரி அள்ளிப் போட்டவர், பண்டாரி எனப்பட்ட சமையலாளர் ஆகிய இந்தியக் கடற்பணியாளரே அவர்கள். இவர்களின் வாழ்வும் ஒப்பந்தப் பருவத்தால் அளக்கப்பட்டதே. ராஜூலாவின் உடன்பிறப்புக் கப்பலாகிய ரோணா, அதே 1926இல் கட்டப்பட்டு அதே தடத்தில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் படைக்கப்பலாக்கப்பட்டு, 1943 நவம்பர் 26ஆம் நாள் நடுநிலக்கடலில் செர்மானியர் ஏவிய குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரோடு அக்கப்பலின் பணியாளர் பலரும் மாண்டனர். தோட்டத் தமிழரைக் கரை சேர்த்த ஒரு கப்பலின் முடிவு இவ்வாறாயிற்று.

ஊரிலே ஒரே கிணற்றில் நீர் முகவாதவர்கள், கப்பலில் ஒரே கொப்பரையில் வடித்த சோற்றை வரிசையில் நின்று வாங்க நேர்ந்தது. சாதி அங்கே அழிந்துவிடவில்லை. தோட்டத்து லயங்களிலும் அது தொடர்ந்தது. ஆயினும் ஊரார் கட்டளையின்றி அது தளர்வதற்கு இடமுண்டு என்பதை முதலிற் காட்டியது கப்பலே. சேலத்தானும் தஞ்சாவூரானும் தம்மை ஒருசேரத் தமிழர் என்று பிறர் அழைக்கக் கேட்டதும் அப்பயணத்திலேதான்.

பால்மரத்துக்குப் பருவம் ஏது?

சுவெட்டன்காம் துறை முகாமில் அம்மைத்தடுப்பும் மருத்துவச் சோதனையும் முடிந்தபின், தோட்டந்தோறும் ஆட்கள் பிரித்து அனுப்பப்பட்டனர். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ரந்தாவ் பாஞ்சாங் ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் சென்றோர் பலர். சதுப்பும் காடும் கொசுவும் நிறைந்த நிலம் அது. கிள்ளானிலும் சுவெட்டன்காம் துறையிலும் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டி மலேரியாவை ஒடுக்கிக் காட்டினார். எனினும், அவ்வழி எல்லாத் தோட்டங்களுக்கும் பரவுமுன் காய்ச்சலுக்கு இரையானோர் மிகப் பலர். மீளும் பருவம் குறித்து வந்தவர்களுள் அவர்களுக்கு மீட்சி இல்லாமற் போயிற்று.

இவ்வட்டாரத்தின் மற்றொரு சிறப்பும் கருதத்தக்கது. 1905இல் மலாயா வந்த பிரெஞ்சு நாட்டார் ஆன்றி ஃபோக்கோனியே, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917இல் அவர் செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்ட தோட்டமே இந்நாட்டின் முதற் செம்பனைத் தோட்டம். அதன் பெயர் தென்னமரம். நாட்டின் பெருஞ்செல்வமாக வளர்ந்த ஒரு தொழிலின் பிறப்பிடம் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்கிறது. மலாயா வாழ்வைப் பொருளாக வைத்து அவர் எழுதிய புதினத்துக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசு கிடைத்தது. தோட்டக்காரரின் பெயரை வரலாறு பொறித்து வைத்தது. குழி தோண்டிக் கன்று நட்டவர் பெயர்களோ ஊர்ப்பெயர் ஒன்றின் ஒலியில் மட்டுமே எஞ்சின.

உலகின் மற்றொரு கோடியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுதல் பொருந்தும். நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைத் தொழிலாளர் அக்காலத்தில் ஆண்டுதோறும் தென்துருவக் கடலுக்குக் கப்பலேறிச் சென்றனர். தெற்கு ஜார்ஜியத் தீவில் 1904இல் நிறுவிய கிரிட்விக்கன் அவர்களின் நிலையங்களுள் ஒன்று. அங்குக் கடல் உறையாத கோடைத் திங்களே வேட்டைப் பருவம். பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊதியத்தோடு வீடு திரும்பினர். இன்றும் அப்பனிக்கடலைக் காணச் செல்லும் கப்பல்களில் பணிபுரிவோர் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தமாகி, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புகின்றனர். பருவத் தொழில் இழிவன்று. அதன் தொடக்கமும் முடிவும் இருசாராரும் அறிந்து ஒப்பியனவாக இருத்தல் வேண்டும் என்பதே அறம். அங்கே பருவத்தை வகுத்தது பனிக்கட்டி. யாரும் அதனை ஏமாற்ற இயலாது.

இரப்பர் மரமோ இலையுதிர்க்கும் சில வாரங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் பால் சுரப்பது. எனவே தோட்டத் தொழிலுக்கு இயற்கை வகுத்த பருவம் இல்லை. பருவத்தை வகுத்தது இலண்டன் சந்தையின் விலை. விலை ஏறியபோது கப்பல் ஆட்களைக் கொண்டுவந்தது, இறங்கியபோது கொண்டுசென்றது.

திருப்பி அனுப்பிய பருவம்

1920களின் நடுவில், ஓராண்டிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவில் வந்திறங்கியதுண்டு. 1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. இரப்பர் விலை சரிந்தது. 1930இல் உதவிச் சீட்டோடு ஆள் வரவழைத்தல் நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். வரவழைக்கக் கட்டணம் தந்த நிதியே திருப்பி அனுப்பவும் தந்தது.

வேலையின்றிப் பட்டினி கிடப்பதைக் காட்டிலும் ஊர் போதல் மேல் என்று தாமே கேட்டுச் சென்றோரும் அவருள் இருந்தனர். ஆனால் அவர்தம் பிள்ளைகள்? தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, மலாய் மொழிச் சொற்கள் விரவிய தமிழ் பேசிய அக்குழந்தைகள், தாம் ஒருமுறையும் காணாத ஊருக்குத் ‘திரும்பி’ச் சென்றனர். பிறந்த மண்ணை விட்டு அகல்வதை மீட்சி என்று எழுதிய கணக்கேட்டின் பொய்ம்மை அக்குழந்தைகளால் வெளிப்பட்டது.

1934இல் விலை தேறியதும் கப்பல்கள் மறுபடியும் ஆட்களை ஏற்றி வந்தன. 1936 டிசம்பரில் இந்திய அரசின் சார்பில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் வந்து தோட்டங்களின் நிலையை ஆராய்ந்தார். ஆடவர்க்கு நாட்கூலி 50 சென்டு, மகளிர்க்கு 40 சென்டு என்ற வீழ்ச்சிக்கு முந்தைய நிலையை மீட்க வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். ஆள் அனுப்புதலைத் தடுக்க வேண்டும் என்றாரில்லை. 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டபோது, அவ்வாண்டு சூன் திங்களில் இந்திய அரசு உதவிச் சீட்டுக் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணிமுறையின் காலம் அத்தோடு முடிந்தது.

இனிப் புதிய ஆட்கள் வரார் என்ற நிலையில், இருந்தவர்கள் நிமிர்ந்து பேசத் தொடங்கினர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், தோட்டத்துக்கு உறவினர் வந்து செல்லும் உரிமை, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியனவும் கோரிக்கைகளாய் இருந்தன. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தொழிலாளரை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். வரவேற்கவும் தண்டிக்கவும் ஆட்சிக்கு ஒரே கருவி கப்பல்தான் போலும்! அடுத்த இரண்டாண்டில் சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அம்முறை கப்பலன்று, சரக்கு இரயில். சென்றோருள் மிகப் பலர் மீளவில்லை.

மகளிரும் பள்ளியும்

கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியத்துக்கு உரையாசிரியருள் ஒருசாரார் கண்ட பொருள். மலாயாத் தோட்டத் தமிழர் அம்மரபைக் கடந்தனர். பெண்கள் வந்தனர், பால் வெட்டினர், களை எடுத்தனர், பிள்ளை பெற்று வளர்த்தனர். தனி ஆடவனைப் பருவம் முடிந்ததும் அனுப்பிவிடலாம். அடுப்பு மூட்டிய குடும்பத்தை அவ்வாறு அனுப்புதல் எளிதன்று. தோட்டத்தில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில் எழுந்தது; திருவிழா நாள் குறிக்கப்பட்டது. ஊரில் மீளும் பருவம் குறித்தவர்கள் இங்கே தீமிதிப் பருவம் குறிக்கத் தொடங்கினர்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பல பள்ளிகள் பெயரளவிலேயே இருந்தன. ஓலைக் கொட்டகையே கட்டடம். எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர். ஆயினும் பருவத்துக்கு வந்து போகும் கூட்டத்துக்குப் பள்ளி எதற்கு? பள்ளி கட்டுதல் நிலைத்த வாழ்வை ஒப்புக்கொள்ளுதலாகும். துரைமார் அறிந்தோ அறியாமலோ அதனை ஒப்பினர். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டப் பெயர்களைத் தாங்கி இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் அந்த ஒப்புதலின் எச்சங்களே.

கடைசிக் கப்பல்

1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால் புதிதாய் வருவோர் தொகை சுருங்கியது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு வழி திறந்தும், எழுத்தறியாமையாலும் தோட்டத்தின் ஒதுக்கத்தாலும் விண்ணப்பிக்காது இருந்தோர் மிகப் பலர். என்றேனும் ஊர் மீள்வோம் என்ற பழைய பருவக் குறிப்பும் அவர்களைத் தடுத்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சிவப்பு அடையாள அட்டையோடு துறைமுகத்தில் நின்றனர். முப்பது நாற்பது ஆண்டு உழைத்த கணவன் சிவப்பு அட்டைக்காரன். இங்கே பிறந்த பிள்ளை நீல அட்டைக்காரன். குடும்பங்கள் கப்பல் தளத்திலும் கரையிலுமாகப் பிரிந்தன. 1930களின் காட்சி மறுபடியும் நிகழ்ந்தது. ஒரு வேறுபாடு உண்டு: இம்முறை கரையில் நின்றவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள்.

ராஜூலா 1973இல் இத்தடத்திலிருந்து ஓய்ந்தது. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். அத்தோடு அக்கடல்வழிப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுற்றது. கோலசிலாங்கூர்ச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வீழ்ந்து செம்பனை நிறைந்தது. பின்னர்ச் செம்பனைக்கும் தமிழர்க்கும் மாற்றாக வீடமைப்புத் திட்டங்களும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்தனர். அவ்வயலார் தாமும் தரகருக்குக் கடன்பட்டுச் சீட்டு வாங்கி, ஒப்பந்த ஆண்டுகளை எண்ணிக்கொண்டு அதே மண்ணில் நிற்கின்றனர். அவர்களை நோக்கும்போது தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகளுக்குத் தம் பாட்டனின் முகம் தெரிதல் வேண்டும்.

வகுப்பறையில் பொருள்வயிற் பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதன்று. ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யாருடைய சீட்டில் என்ற மூன்று வினாக்களுக்கு விடை கூறும் முதியோர் அருகி வருகின்றனர். மஞ்சளித்த கடவுச்சீட்டும் கப்பற்சீட்டின் துண்டும் தகரப் பெட்டிகளில் மக்கி வருகின்றன. அவற்றை எழுதி வைத்தல் பள்ளியின் பணி.

மெலாவத்திக் குன்றின் விளக்கம் இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. அதன் ஒளியைக் கப்பல் தளத்திலிருந்து முதன்முதலாகக் கண்டோர், சில ஆண்டுகளில் மீள்வோம் என்றே எண்ணினர். கார்காலங்கள் பல வந்து சென்றன. பருவம் பொய்த்தது; வாழ்வு வேர்கொண்டது.